குளத்துக்குள் இருப்பவர்

சின்ன காஞ்சிபுரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் அம்மா கேட்டது, "குளத்துல தண்ணி இருக்குமாடா?" என்றுதான். வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு வருகிறவர்கள் தங்கப் பல்லி எங்கே என்பார்கள், கல் சங்கிலி எங்கே என்பார்கள். தண்ணீரை விசாரித்துக்கொண்டு வருவது அம்மா ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

காரணம் உண்டு. நூற்றுக்கால் மண்டபத்துக்கு வடக்கே அனந்தசரஸ் குளம். அங்கே நான்கு கால் நீராழி மண்டபத்தின் அடியில், தண்ணீருக்குள், அத்தி மரத்தால் செய்த வரதர் படுத்திருக்கிறார். 40 வருஷத்துக்கு ஒரு தடவை வெளியே வருவார். 1979இல் வந்தார், 2019இல் வந்தார், அடுத்தது 2059. யாகத் தீயின் சூடு தணிய நீருக்குள் போனார் என்று ஒரு கதை, படையெடுப்புக்குப் பயந்து மறைத்தார்கள் என்று இன்னொன்று. அம்மாவுக்கு இரண்டிலும் அக்கறை கிடையாது.

1979இல் அவளுக்குக் கல்யாணமான புதுசு. "கூட்டமே இல்ல. எதிர்ல உக்காந்து பேசிட்டு வந்தேன்" என்பாள். என்ன பேசினாள் என்று மட்டும் சொன்னதில்லை.

2019இல் 48 நாள் வைபவம். ஜூலை முழுக்கக் கிடந்த கோலம், ஆகஸ்ட் 1 முதல் 17 வரை நின்ற கோலம். ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் வந்தார்கள் என்றார்கள். நாங்களும் விடியற்காலை மூன்று மணிக்கு வரிசையில் நின்றோம். பதினோரு மணிக்கு, வசந்த மண்டபம் கண்ணிலேயே படாத இடத்தில், அம்மாவுக்குத் தலை சுற்றியது. யாரோ ஒரு பெண் முந்தானையால் விசிறினாள். திரும்பிவிட்டோம். பஸ்ஸில் நான்தான் புலம்பிக்கொண்டே வந்தேன். அம்மா ஜன்னலோரம் தூங்கினாள்.

தம்பி 2008இல் வீட்டை விட்டுப் போனவன். பெரிய சண்டை என்றும் சொல்ல முடியாது. அப்பா ஒரு வார்த்தை சொன்னார், அவன் செருப்பை மாட்டிக்கொண்டான். அதன் பிறகு கடிதம் இல்லை, போன் இல்லை. எல்லோர் கையிலும் செல்போன் வந்த பிறகும் லேண்ட்லைனைத் துண்டிக்க அம்மா விடவில்லை. அவனுக்கு மனப்பாடமான நம்பர் அது. மாதத்துக்கு ஒருமுறை ரிசீவரைக் காதில் வைத்து டயல் டோன் வருகிறதா என்று பார்ப்பாள். வந்தால், துணியால் துடைத்து வைத்துவிடுவாள்.

மூலவர் சந்நிதி இருக்கும் அத்திகிரியின் 24 படிகளை அம்மா ஒவ்வொன்றாக நின்று நின்று ஏறினாள். இந்தப் பெருமாள் பேசுகிறவர் என்று பெயர். ஆலவட்டம் வீசிய திருக்கச்சி நம்பியோடு பேசினார். ராமானுஜரின் சந்தேகங்களுக்கு நம்பி மூலமாகவே ஆறு வார்த்தை பதில் சொன்னார் என்பது வைணவ வழக்கு. எனக்கு அந்தக் கதை எப்போதுமே கொஞ்சம் எரிச்சல். "நம்பிகிட்ட பேசினவர் உன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?" என்று கேட்டே விட்டேன்.

"பேசினதைத்தான் எழுதி வெச்சிருக்காங்க. அதுக்கு முன்னாடி எத்தனை நாள் சும்மா விசிறினார்னு யாரு எழுதினா?"

குளத்தில் தண்ணீர் இருந்தது. பாசி நிறம். மண்டபத் தூணில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு சாண் ஆழத்துக்குக்கூடத் தெரியவில்லை. வெறும் தண்ணீரைப் பார்த்துக் கைகூப்பி நிற்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அம்மா செருப்பில்லாத காலால் சூடான கல்லை மாற்றி மாற்றி மிதித்தபடி, சந்நிதியில் நின்றதைவிட அதிக நேரம் நின்றாள்.

"2059ல எனக்கு 103. உனக்கு?"

"78."

"நீ வந்து பாரு. அவனையும் கூட்டிட்டு வா."

வெளியே வந்து கோயில் இட்லி வாங்கினோம். மிளகும் சுக்கும் போட்டு, மந்தாரை இலை வைத்த மூங்கில் குடலையில் வேகவைப்பது. அம்மா ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டாள். மிளகு ஒன்று பல்லில் அகப்பட்டது போலிருக்கிறது, முகத்தைச் சுளித்தாள்.

"இந்த மாசம் போன் பில் கட்டிட்டியாடா?"