ஐந்தாவது சிலிண்டர்



இம்முறை தையல் பற்றியோ கோழி வளர்ப்புப் பற்றியோ நான் எழுதப் போவதில்லை. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத ஒரு சிறு உருக்குத் துண்டைப் பற்றி எழுதப் போகிறேன். அதைக் கடைந்தவர் எம்மைப் போன்ற ஒரு பெண்.

நானுஓயாவில் எனது களப்பணியின்போதுதான் அந்த அக்காவைச் சந்தித்தேன். அவருடைய பெற்றோர் இந்தப் பகுதித் தோட்டமொன்றில் வேலை செய்தவர்கள். 1977 வன்செயலுக்குப் பிறகு, இனி மலையில் இருக்க முடியாதென்று பெட்டி படுக்கையுடன் வன்னிக்குப் போனவர்கள். அக்கா அங்கேதான் பிறந்தார், திருமணம் செய்தார். 2009 இல் முள்ளிவாய்க்காலில் கணவரை இழந்தார். மெனிக் பாம் முகாமிலிருந்து வெளியே வந்தபோது போவதற்கென்று ஓரிடமும் இருக்கவில்லை. பெற்றோர் விட்டு வந்த மலைக்கே, தாய்மாமன் வீட்டுக்கு, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்.

2021 இல் எமது திட்டத்தின் கீழ் அவருக்கு ஒரு தையல் இயந்திரம் கொடுத்தோம். படிவத்தில் இருந்தவை இரண்டே கட்டங்கள்: தையல், கோழி. நான் தையலுக்கு நேரே அடையாளமிட்டேன். நான்கு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தபோது இயந்திரம் துணியால் மூடியபடி இருந்தது. அதன்மேல் அரிசி வாளி. “பயனாளியின் ஒத்துழைப்புக் குறைவு” என்று குறிப்பெழுதப் பேனாவை எடுத்தேன். வீட்டுக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இரும்பை இரும்பு மெல்லச் சுரண்டும் சத்தம்.

தகரக் கொட்டிலுக்குள் ஒரு பழைய சிறிய லேத். அதன்முன் அக்கா. கூந்தலை இறுக்கி முடிந்து, வளையல்களைக் கழற்றி வைத்து, கண்ணாடி அணிந்து நின்றார். பக்கத்தில் ஒரு வாங்கில் மாமா.

மாமா தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தோட்டத்துத் தொழிற்சாலைகளில் உருளை இயந்திரமோ உலர்த்தியோ பழுதானால், பெரிய கம்பனி ஆள் வரும்வரை கொழுந்து காத்திருக்காது. அதனால் புஷ், ஊசி, தண்டு எல்லாவற்றையும் இவரைப் போன்றவர்களே அங்கேயே கடைந்து போடுவார்கள். இயந்திரப் பைத்தியம் பரம்பரையாக வந்தது. நானுஓயாவுக்கு 1885 இல் ரயில் வந்தது. பின்னர் இங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக ராகலைக்கு இரண்டரை அடி அகலப் பாதையில் ஒரு குட்டி ரயிலும் ஓடியது. 1940களில் அது மூடப்பட்டுவிட்டது. அந்த ரயிலின் கதைகளைத் தன் தகப்பனிடம் கேட்டே வளர்ந்ததாக மாமா சொல்வார்.

ஓய்வுக் காலத்தில் அவர் செய்துகொண்டிருந்தது ஒரு மாதிரி விமான எஞ்சின். ஐந்து சிலிண்டர்கள் நட்சத்திரத்தின் முனைகளைப் போல வட்டமாக நிற்கும். ரேடியல் எஞ்சின் என்பார்கள். 1947 டிசம்பரில் எயார் சிலோன் இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதல் சேவையை நடத்தியது. அதில் பறந்த டக்கோட்டா விமானங்களில் இருந்தவையும் இந்த வகை எஞ்சின்களே. ஒவ்வொன்றிலும் இரண்டு வரிசையாக ஏழும் ஏழுமாகப் பதினான்கு சிலிண்டர்கள்.

“ஏன் மாமா எப்பவும் ஒற்றைப்படை?” என்று நான் கேட்டேன்.

அவர் வாயைத் திறக்குமுன் அக்காவே சொன்னார். “மிஸ், ஆறு பேர் வட்டமா இருக்கினம் எண்டு வையுங்கோ. ஒராளை விட்டு ஒராளுக்குச் சோறு போடுறம். ஒண்டு, மூண்டு, அஞ்சு. அடுத்தது திரும்பவும் ஒண்டு. ரெண்டும் நாலும் ஆறும் பட்டினிதான். அஞ்சு பேர் எண்டால் ஒண்டு, மூண்டு, அஞ்சு, ரெண்டு, நாலு. முதல் சுற்றில விடுபட்டவைக்கு ரெண்டாம் சுற்றில கிடைக்கும்.”

ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை வெடிக்க வேண்டும். அந்த முறை சீராக வருவதற்கே இந்த ஒற்றைப்படை. நிவாரண வரிசைகளில் நின்ற ஒரு பெண்ணுக்கு இதைப் புரிந்துகொள்ளப் புத்தகம் தேவைப்படவில்லை.

ஆனால் விமானம் என்ற சொல்லே எம்மில் பலருக்கு என்ன செய்யும் என்பது உங்களுக்குத் தெரியும். கிபிர் இரைச்சலுக்குப் பதுங்குகுழிக்குள் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஓடியவர் அக்கா. ஒருநாள் நான் அங்கிருந்தபோது நுவரெலியாப் பக்கம் ஹெலிகொப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. அவர் அப்படியே வாங்கின்கீழ் குந்திவிட்டார். மாமா லேத்தை நிறுத்தினார். ஒன்றும் பேசவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்தார். பிளேன்டீ வந்த பிறகுதான் அக்கா எழுந்தார்.

இதைப் போய் ஏன் செய்கிறீர்கள் என்று நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே நினைத்தேன்.

“மேலால போற சாமானுக்குள்ள என்ன இருக்கெண்டு ஒருக்காலும் நான் பாக்கேல்ல, மிஸ். பாக்கோணும்.”

“கிபிர் ஜெட்டும்மா. அதுல பிஸ்டனே கெடையாது. இது வேற, அது வேற,” என்றார் மாமா.

“வேறயெண்டாலும் பரவாயில்லை,” என்றார் அக்கா.

அவருக்குக் கிடைத்த வேலை வால்வுகள். தலை எட்டு மில்லிமீற்றர், தண்டு இரண்டரை மில்லிமீற்றர். மெல்லிய தண்டைக் கடையும்போது அது கத்திக்குப் பயந்து வளைந்து விலகும். ஆகவே கம்பியைக் கொஞ்சமாக வெளியே நீட்டி, அந்தப் பகுதியை முழு அளவுக்கு முடித்து, பிறகு இன்னும் கொஞ்சம் நீட்ட வேண்டும். அவசரப்பட்டால் தண்டு கூம்பாகிவிடும். தலைமயிரின் தடிப்பு ஏறக்குறைய நூறில் ஏழு மில்லிமீற்றர். வால்வுத் தண்டுக்கும் அதன் வழிகாட்டிக்கும் இடையில் விடும் வெளி அதிலும் குறைவு. பிறகு அரைக்கும் பசை பூசி, வால்வை அதன் இருக்கையில் முன்னும் பின்னும் சுழற்றித் தேய்த்து, மண்ணெண்ணெய் ஊற்றிப் பார்ப்பார்கள். கசிந்தால் மீண்டும் தேய்க்க வேண்டும். 2022 நெருக்கடியில் மண்ணெண்ணெய்க்கே வரிசை. ஒரு போத்தல் மூடியளவு எண்ணெயைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினார்கள். பழைய மோட்டார் சைக்கிள் பிஸ்டன்களை உருக்கி எஞ்சின் உடலை வார்த்தார்கள்.

எஞ்சினை முதலில் இயக்கிய நாளில் நானும் போயிருந்தேன். மாமா சுழலியைத் தட்டிவிட்டார். பலமுறை இருமிவிட்டு அது பிடித்துக்கொண்டது. கொட்டில் அதிர்ந்தது. அக்கா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். கை நடுங்கியது. ஆனால் ஓடவில்லை. சத்தத்தில் ஏதோ தவறுகிறது என்று முதலில் சொன்னவரும் அவரே. எஞ்சினை நிறுத்தியதும் ஈர விரலால் புகைக்குழாய்களை ஒவ்வொன்றாகத் தொட்டார். நான்கு சுள்ளென்றன. ஐந்தாவது குளிர்ந்திருந்தது.

கழற்றிப் பார்த்தால் புகை வால்வு கசிந்தது. தண்டில் கண்ணுக்குத் தெரியாத வளைவு. “இது நான் செய்தது. அண்டைக்கு அவசரப்பட்டிட்டன்,” என்றார். யாரும் அவரைக் குறை சொல்லவில்லை. மூன்று நாள் இருந்து புதிதாகக் கடைந்தார். அடுத்த முறை ஐந்தும் சுட்டன.

1909 இல் பிறந்த பியற்றிஸ் ஷில்லிங் என்ற ஆங்கிலேயப் பெண் பொறியியலாளரைப் பற்றி அன்றிரவு வாசித்தேன். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் போர் விமானங்கள் மூக்கைத் தாழ்த்திப் பாயும்போது எஞ்சின் திணறியது. 1941 இல் அவர் வடிவமைத்த, துளையிட்ட ஒரு சிறு உலோகத் துண்டு அந்தக் கோளாறைக் கட்டுப்படுத்தியது. அதுவும் போருக்காகத்தான். மறுமுறை போனபோது இதை அக்காவிடம் சொன்னேன். சிறிது நேரம் யோசித்துவிட்டு, “அவவுக்கு ஆர் லேத் பழக்கினது?” என்று மட்டும் கேட்டார்.

இப்போது அவர் முச்சக்கரவண்டித் திருத்துமிடங்களுக்குப் புஷ், ஊசி கடைந்து கொடுக்கிறார். வருமானம் பெரிதல்ல, மகளின் பள்ளிச் செலவுக்குக் காணும். ஹெலிகொப்டர் போனால் இன்றும் கை நடுங்கும். நடுக்கம் தீரும்வரை லேத்தை நிறுத்தி வைக்கிறார். பிறகு தொடர்கிறார். கையில் சான்றிதழ் இல்லை. முறையாகப் படிக்காமல் வேலை பழகியவர்களையும் சோதித்துத் தேசியத் தொழில் தகைமை வழங்கும் ஏற்பாடு எமது நாட்டில் உண்டு. அதற்கு விண்ணப்பித்திருக்கிறோம். உங்களில் எவரேனும் தகப்பனிடமோ அண்ணனிடமோ இத்தகைய வேலையைக் கற்றிருந்தால், அருகிலுள்ள தொழிற்பயிற்சி நிலையத்தில் இதைப்பற்றி விசாரியுங்கள்.

சமூகவியல் பரீட்சையில் பால்நிலை வேலைப்பிரிவினை பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிச் சித்தியடைந்தவள் நான். ஆனால் தையலுக்கு நேரே அடையாளமிட்டதும் எனது கைதான். அந்த ஒத்துழைப்புக் குறிப்பை நான் எழுதி முடிக்கவில்லை. தையல் இயந்திரம், அதைக் கேட்டு வந்த இன்னொரு சகோதரியிடம் போய்விட்டது. எமது படிவத்தில் இரண்டு கட்டங்களுக்கும் கீழே இப்போது ஒரு வெற்றுக் கோடு இருக்கிறது: “நீங்கள் செய்ய விரும்புவது என்ன?”

அந்தக் கோட்டை நிரப்பும்வரை நான் பேனாவை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன்.