அழுக்கான ஹெட்

புதுப்பேட்டையில் பழைய சிலிண்டர் ஹெட் வாங்கப் போகிறவர்கள் பளபளப்பாக இருப்பதைத்தான் முதலில் கையில் எடுப்பார்கள். எனக்கு அதில்தான் சந்தேகம். இன்ஜினிலிருந்து கழற்றிய ஹெட்டில் கரி இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும், கேஸ்கெட் ஒட்டியிருந்த தடம் இருக்கும். அதை வைத்தே பாதிக் கதையைச் சொல்லிவிடலாம். மூன்று அறைகளில் இரண்டு கரி பிடித்து, ஒன்று மட்டும் கழுவிவிட்டதுபோல வெளுத்திருந்தால் அந்த சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு அறைகளுக்கு நடுவே கேஸ்கெட் தடத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கரிக்கோடு ஓடினால் அங்கே கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. எமரி ஷீட் போட்டுத் தேய்த்து சில்வர் பெயின்ட் அடித்த ஹெட்டில் இது எதுவும் மிஞ்சாது. சர்வர் விழுந்த அன்றைக்கு லாக் ஃபைலை எல்லாம் அழித்துவிட்டு "இப்ப நல்லா ஓடுது பாருங்க" என்று சொல்கிற மாதிரி.

நாங்கள் தேடியது மாருதி ஆம்னிக்கு. மாமா ஸ்கூல் டிரிப் அடிக்கிற வண்டி. முன்சீட்டைத் தூக்கினால் கீழே இன்ஜின்: 796 சிசி, மூன்று சிலிண்டர், அலுமினியம் ஹெட். மாருதி 800-லும் இதே குடும்பத்து இன்ஜின்தான் என்பதால் பழைய ஹெட்டுக்குப் பஞ்சமில்லை. மே மாதக் கடைசியில் வண்டி கொதித்து நின்றது, ஹெட் வெடித்திருந்தது. பள்ளிக்கூடம் திறக்க ஒன்பது நாள். ஜூனில் ஒரு வண்டியைப் பிடித்த பெற்றோர் வருஷக் கடைசி வரை அதை மாற்ற மாட்டார்கள். அந்த வாரம் வண்டி நின்றால் மாமாவுக்கு அந்த வருஷமே போச்சு. தப்பான ஹெட்டைப் போட்டால் அதன் விலையோடு முடியாது. புது கேஸ்கெட், ஆயில், கூலன்ட், இரண்டு நாள் கூலி எல்லாம் மறுபடி முதலிலிருந்து.

கடைக்காரர் இரண்டு ஹெட்டை எடுத்துப் போட்டார். ஒன்று பளபளா, ஒன்று கரி. "ரெண்டுமே ஓடுன வண்டில கழட்டுனது சார்." ஓடாத வண்டியில் கழற்றியது என்று இதுவரை எந்தக் கடையிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

கூட வந்த மெக்கானிக் அண்ணன் முதலில் வால்வை எண்ணினார். ஆம்னிக்கு ஆறு; ஆல்டோவில் வந்தது பன்னிரண்டு. அவசரத்தில் மாறிப்போகும். பிளக் துளையில் ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கையாலேயே திருகினார். மரை செத்திருந்தால் பிளக் ஆடும். தண்ணீர் ஓட்டைகளின் விளிம்பை நகத்தால் சுரண்டினார். கேஸ்கெட் வளையம் உட்காரும் இடம்வரை அரித்திருந்தால் பிறகு எத்தனை முறை இறுக்கினாலும் கசியும். அரித்த குழியில் எம்-சீல் வைத்து அடைத்திருந்தாலும் நகத்துக்குத் தெரிந்துவிடும்.

அட்வான்ஸ் கொடுத்து இரண்டையும் லேத்துக்குத் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே கரி ஹெட்டையும் கழுவினார்கள். பார்க்க வேண்டியதைப் பார்த்த பிறகு கழுவலாம், தப்பில்லை.

வளைவு பார்ப்பது எளிது. அடிப்பக்கத்தின் மேல் ஸ்ட்ரெய்ட் எட்ஜை நீளவாக்கில், குறுக்கே, மூலைக்கு மூலை என்று வைத்து, இடையில் ஃபில்லர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். 0.05 மில்லிமீட்டர் தகடு நுழைந்தால் ஹெட் வளைந்திருக்கிறது. தலைமுடித் தடிமன்தான். வளைந்ததை ஃபேஸிங் செய்து நேராக்கலாம். ஆனால் ஒவ்வொரு தடவை சீவும்போதும் எரியும் அறை சுருங்குகிறது, கம்ப்ரஷன் கூடுகிறது, கேம்ஷாஃப்ட் கிராங்குக்கு மயிரிழை கிட்டே வந்து வால்வு டைமிங் பின்தங்குகிறது. ஏற்கெனவே எத்தனை தடவை சீவியது என்று யார் சொல்வார்கள்? மாமா வண்டியின் ஹெட்டையும் எடுத்துப் போயிருந்தோம். வெர்னியரில் உயரத்தை அளந்து ஒப்பிட்டோம்.

இதில் பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. ஹெட் வளையும்போது அடி மட்டும் வளையாது. மேலே கேம்ஷாஃப்ட் ஓடுகிற துளைகளும் சேர்ந்துதான் வளையும். அடியைச் சீவினால் அடி நேராகும், மேல் வளைவு அப்படியே இருக்கும். ராக்கரைத் தளர்த்திவிட்டு கேம்ஷாஃப்டைக் கையால் சுற்றினால் எங்கும் பிடிக்காமல் சுற்ற வேண்டும். கரி ஹெட்டில் சுற்றியது. பளபளா ஒரு இடத்தில் முனகியது.

வெடிப்புக்கு டை டெஸ்ட். இரும்பு ஹெட் என்றால் காந்தமும் இரும்புத்தூளும் போதும். அலுமினியத்திடம் அது எடுபடாது. சிவப்புச் சாயத்தை அடித்துக் காத்திருந்து, துடைத்து, மேலே வெள்ளை டெவலப்பர் அடிப்பார்கள். வெடிப்புக்குள் ஒளிந்த சாயம் மெல்ல ஊறி வெளியே வரும். பளபளா ஹெட்டின் நடு அறையில், இரண்டு வால்வு சீட்டுக்கு இடையே, ஒரு சிவப்புக் கோடு வந்தது. அந்த இடத்தில் உலோகம் குறுகல். ஒரு பக்கம் உள்ளே வரும் குளிர்ந்த கலவை, மறுபக்கம் வெளியேறும் நெருப்பு. வெடித்தால் பெரும்பாலும் அங்கேதான். இந்தக் கோட்டின் மேல் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்து போயிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மாமா எதுவும் சொல்லாமல் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கரி ஹெட்டில் கோடு வரவில்லை. ஆனால் டை மேற்பரப்பைத்தான் காட்டும். அதனால் தண்ணீர் வழிகளை ரப்பரும் தகடும் வைத்து மூடி, உள்ளே காற்றை ஏற்றி, சூடான தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார்கள். சூடு முக்கியம். குளிரில் மூடிக்கொண்டிருக்கும் வெடிப்பு சூட்டில்தான் வாயைத் திறக்கும். குமிழி வரவில்லை. போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்ததில் ஒரு எக்ஸாஸ்ட் வால்வு லேசாகக் கசிந்தது, ஆட்டிப் பார்த்ததில் ஆடவும் செய்தது. கைடை மாற்றி, பேஸ்ட் போட்டு வால்வை உட்கார வைத்தால் தீர்கிற விஷயம்.

"அப்ப நம்பிக் கட்டலாமாப்பா?" என்றார் மாமா.

"இன்னிக்கு லீக் இல்ல சார். அதான் என்னால சொல்ல முடியும்," என்றார் லேத்துக்காரர். ஒரு தடவை அளவுக்கு மேல் காய்ந்த அலுமினியம் வெளியே தெரியாமல் இளகிப்போயிருக்கும். அதைச் சொல்ல ஹார்ட்னஸ் டெஸ்ட் வேண்டும், அந்த மெஷின் அவரிடம் இல்லை. "சூப்பர் ஹெட் சார், கண்ண மூடிக்கிட்டு கட்டுங்க" என்று அவர் சொல்லியிருந்தால் நான் வேறு லேத்துக்குப் போயிருப்பேன்.

மாமா அதையே எடுத்துக்கொண்டார். ஆனால் மெக்கானிக் அண்ணன் உடனே கட்டவில்லை. "பழைய ஹெட்டு ஏன் போச்சுன்னு தெரியாம இத போட்டா இதுவும் போகும்," என்று ரேடியேட்டரை இறக்கினார். உள்ளே குழாய்களில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது. போர் தண்ணீர். வருஷக்கணக்காக அதைத்தான் ஊற்றியிருக்கிறார் மாமா. வண்டியில் பின்சீட்டுக்கு அடியில் அஞ்சு லிட்டர் கேன் அப்போதும் நிறைந்திருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் ஷெட் வாசலில் இருந்த முருங்கைக்கு ஊற்றிவிட்டு, "கூலன்ட் லிட்டர் எவ்ளோடா?" என்று என்னைக் கேட்டார்.