கறுப்பு வெள்ளையும் நீலமும்

பந்தாட்டம் பார்க்க மாலையில் செருப்பை மாட்டிக்கொண்டு புறப்படுவது பட்டணத்தாருக்கு வாய்த்த வசதி. ஆரணியிலிருந்து போகிறவருக்கோ அது ஒரு சிறு யாத்திரை. போக வர முந்நூறு கிலோ மீட்டருக்குச் சற்றுக் குறைவு. திரும்பி வந்து படுக்கையில் சாயும்போது நள்ளிரவு கடந்துவிடும். 2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை இரவு 7.30 மணிக்குச் சென்னை நேரு விளையாட்டரங்கில் சென்னையின் எஃப்.சி. அணியும் கொல்கத்தாவின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் அணியும் ஆடப்போகின்றன என்று தெரிந்த நாள்முதல் நம் வீட்டுத் திண்ணையில் ஆலோசனைக் கூட்டம் ஓயவே இல்லை.

அந்த இரண்டாவது பெயருக்கு நம் குடும்பத்தில் ஒரு பழைய மதிப்பு உண்டு. மறைந்த நம் அத்தா, பந்தை ஒருமுறையேனும் உதைத்தவரல்லர். ஆயினும் முகம்மதன் ஸ்போர்ட்டிங்கின் வரலாற்றைத் தம் தந்தையாரிடம் கேட்டபடியே நமக்குச் சொல்லிவந்தார். 1891-இல் தோன்றிய கழகம் அது. கல்கத்தா முதல் பிரிவு லீக்கில் வெள்ளையர் அணிகளே வென்றுகொண்டிருந்த காலத்தில், 1934-இல் அதை வென்ற முதல் இந்திய அணி அதுவே. ஒருமுறை வென்று ஓய்ந்துவிடவில்லை; 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ந்து லீக்கைத் தன்வசமே வைத்திருந்தது. 1940 டிசம்பரில் தில்லியில் ராயல் வார்விக்ஷயர் படைப்பிரிவை 2–1 என வீழ்த்தி, டூராண்ட் கோப்பையை வென்ற முதல் இந்திய அணியாகவும் ஆயிற்று. அப்புறம் நெடுங்காலம் தேய்ந்து, 2023–24 பருவத்தில் ஐ-லீக்கை வென்றபின்பே நாட்டின் மேல்நிலைப் போட்டிக்கு ஏறிவந்தது. அத்தா இருந்திருந்தால் நடந்தாவது போயிருப்பார்.

புறப்பாட்டுக்கு முதல் தடை தறியிலிருந்து வந்தது. புரட்டாசியில் முகூர்த்தம் இல்லையென்றாலும் தீபாவளிக்கு ஐந்தே வாரம். பக்கத்து வீட்டுத் தறிக்காரரும் அவர் மகனும் நம்மோடு வருவதாக ஏற்பாடு. ஆனால் தறி ஒருநாள் நின்றால் ஒருநாள் கூலி நின்றது. முந்தானையை முடித்துச் சேலையை அறுத்துக் கொடுத்துவிட்டே வருவேன் என்று அவர் மூன்று இரவுகள் விளக்கு வைத்து நெய்தார். ஒரு பொழுதுபோக்குக்காக ஒருவர் இத்தனை உழைப்பதா என்று நம் வீட்டில் சிலருக்கு வியப்பு. நமக்கு அவர்மீது மரியாதை கூடிற்று.

பேருந்தில் போனால் இரவில் திரும்புவது தொல்லை. ஆகவே எட்டுப் பேருக்கு ஒரு வேன் பேசினோம். ளுஹர் தொழுததும் கிளம்பி, ஆற்காட்டில் பாலாற்றைக் கடந்து, காவேரிப்பாக்கம், திருப்பெரும்புதூர், பூந்தமல்லி வழியே நகருக்குள் நுழைவது. அஸர் வழியில். அரங்கத்தை ஒட்டிய பெரியமேட்டில் பள்ளிவாசல் இருக்கிறது. அக்காலத்தில் ஆறு மணியளவில் மஃரிபு, எனவே ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு நிதானமாக உள்ளே போகலாம். இஷாவின் நேரம் நீண்டது. ஆட்டம் முடிந்தபின் பயணிக்குரிய கஸ்ராகத் தொழுதுகொள்வது. வாயிலில் தண்ணீர்ப் புட்டியும் சோற்றுப் பொட்டலமும் தடுக்கப்படும் என்று மகள் எச்சரித்ததால், நன்னி கட்டித்தரவிருந்த புளிச்சோற்றை வேனிலேயே தீர்ப்பதென்று முடிவாயிற்று. நன்னிக்கு அதில் வருத்தம்தான். உட்கார்ந்து தின்ன முடியாத இடத்தில் உட்கார்ந்து என்ன வேடிக்கை என்றார்.

இவையெல்லாம் எளிதில் தீர்ந்தன. தீராதது சட்டை.

மகன் கறுப்பு வெள்ளைச் சட்டை ஒன்றை வரவழைத்திருந்தான். மகளோ பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே சென்னை அணியின் நீலத்தை விட்டவளல்லள். 2015-இலும் 2017–18 பருவத்திலும் அந்த அணி பட்டம் வென்றதை ஆட்டம் ஆட்டமாகச் சொல்லக்கூடியவள். “நம்ம ஊர் ஆடும்போது வெளியூருக்குக் கை தட்டுவானா?” என்பது அவள் வாதம். இது அண்ணன் தங்கைச் சண்டை, வீட்டுக்கு அழகு. நம்மைத் தைத்தது மைத்துனர் மெல்லிய குரலில் சொன்னது:

“மச்சான், பேரைப் பார்த்துக் கட்சி சேர்ந்துட்டாங்கன்னு யாராவது ஒரு சொல் சொல்லிடுவாங்க. எதுக்கு வம்பு? எல்லாரும் நீலமே போட்டுக்குவோம்.”

அவரைக் கோழை என்று சொல்லமாட்டோம். வெளியூரில் வேலைபார்த்து, பெயர் சொன்னதும் முகங்கள் மாறுவதைப் பார்த்துப் பழகியவர். அன்றிரவு நமக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. கேரள அணி வரும்போது மலையாளிகள் மஞ்சள் சட்டையில் சென்னை அரங்கத்துக்குத் திரள்திரளாக வருகிறார்கள். அவர்களிடம் எவரும் கணக்குக் கேட்பதில்லை. வங்காளி தன் மோகன் பகானுக்கு எங்கிருந்தும் கூவலாம். நம் பிள்ளை மட்டும் தன் பாட்டனாரின் நினைவை ஒரு சட்டையாகப் போட்டுக்கொள்வதற்குமுன் நாலு பக்கமும் பார்க்கவேண்டுமா? அதே சமயம், வெறும் பெயருக்காக அவன் கை தட்டினால் அதுவும் நமக்கு உவப்பில்லை. காலையில் அவனை அழைத்து, ஏன் இந்த அணி என்று கேட்டோம். 1934 என்றான், 1940 என்றான். அத்தா சொன்ன வரிசையிலேயே சொன்னான். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போட்டுக்கொள் என்றோம்.

தறிக்காரர் காதுக்கும் இந்தப் பேச்சு போயிருந்தது. வேன் ஏறும்போது, “பாய், நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார். பிள்ளைகள் இருவருக்கும் நடுவில் உட்காரப்போகிறோம் என்றோம். அவர் சிரித்து, “அப்போ தோத்தவங்க அழட்டும், ஜெயிச்சவங்க ஆற்காட்டுல எல்லாருக்கும் டீ வாங்கித் தரட்டும்” என்று சட்டம் போட்டுவிட்டார். அவர் மகன் நீலச் சட்டையில் வந்திருந்தான். கோட்டை மைதானத்தில் சிறுவயதிலிருந்து நம் மகனோடு பந்து விளையாடியவன். இருவரும் ஒருவர் சட்டையை ஒருவர் கேலி செய்தபடியே பூந்தமல்லி வரை வந்தார்கள்.

அரங்கத்தில் நம் எட்டுப் பேரையும் எவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. பின்வரிசைப் பெரியவர் ஒருவர் மட்டும் மகனின் சட்டையைச் சுட்டி, இந்த அணியின் பழைய பெருமை தெரியுமா தம்பி என்று தொடங்கி, அவன் பதில் சொல்வதற்குள் தாமே சொல்லி முடித்தார். 39-ஆவது நிமிடத்தில் முகம்மதன் அணி ஒரு கோல் போட்டது. அதுவே ஆட்டத்தின் ஒரே கோல். மேல்நிலைப் போட்டியில் அந்த அணியின் முதல் வெற்றியும் அதுதான். பருவம் முடியும்போது இருபத்து நான்கு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடு கடைசி இடத்தில் நின்றது என்பதையும் சொல்லிவிட வேண்டும்; மகள் சொல்லாமல் விடமாட்டாள்.

கோல் போட்ட லால்ரெம்சங்கா மிசோரத்துக்காரர் என்று வழியில் மகன் சொன்னான். பயிற்சியாளர் ரஷ்யர் என்று மகள் சேர்த்துக்கொண்டாள். மைத்துனர் ஒன்றும் பேசவில்லை. ஆற்காட்டில் வேன் நின்றபோது முதலில் இறங்கியவர் அவர்தான். மகன் சட்டைப்பையைத் தடவுவதற்குள் எட்டு டீக்கும் காசு கொடுத்துவிட்டார்.

“ஜெயிச்சவங்கதானே தரணும், நீங்க நீலமாச்சே?” என்றார் தறிக்காரர்.

“உள்ளே போட்டிருக்கிறதை யார் பார்த்தாங்க?” என்றார் மைத்துனர்.