ஒரு நாருக்கு ஒரு நரம்பு

கோட் அடிச்சுப் பொழைக்கிறவனுக்கு பயாலஜி எதுக்குன்னு கேக்காதீங்க மக்களே. பன்னெண்டாவதோட தலைமுழுகின சப்ஜெக்ட்டை திரும்பத் தொட வச்சது எங்க அக்கா பையன். அடி அண்ணாமலைல இருக்காங்க. பால் குடிச்சு முடிக்கறதுக்குள்ள பயலுக்கு மூச்சு வாங்கும். காலைல நல்லாத் திறந்திருக்கற கண்ணு சாயங்காலம் ஆனா பாதி மூடிக்கும். ஊர்ல "சோம்பேறிப் புள்ள"ன்னாங்க. சிலர் "தாய்ப்பால்ல சத்து இல்ல"ன்னு பழியை அக்கா தலைல போட்டாங்க. டாக்டர் சொன்ன பேரு வேற: பிறவி மையாஸ்தீனியா.

விஷயம் இதுதான். நரம்புக்கும் தசைக்கும் நடுவுல ஒரு சின்ன இடைவெளி. நரம்பு நுனி அசிட்டைல்கோலின்னு ஒரு ரசாயனத்தைக் கொட்டும். தசைல இருக்கற ஏற்பிகள் அதைப் பிடிச்சாத்தான் தசை சுருங்கும். ஏற்பிகளை சரியான இடத்துல சேர்க்க ஒரு டீமே இருக்கு. நரம்பு அக்ரின்ங்கற புரதத்தை அனுப்பும். தசைல எல்ஆர்பி4 அதை வாங்கி மஸ்க்கைத் தட்டி எழுப்பும். ராப்சின் ஏற்பிகளைக் கொத்தாக் கட்டி வைக்கும்.

பிறந்ததோட வேலை முடியறதில்ல. பிறக்கறப்போ ஒரே தசைநாரை பல நரம்புகள் பிடிச்சிட்டிருக்கும். அப்புறம் போட்டி நடந்து ஒண்ணு மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் பின்வாங்கிடும். சுண்டெலிக்கு இதுக்கு ரெண்டு வாரம் போதும். ஏற்பியோட அஞ்சு துண்டுல ஒண்ணும் மாறும். கருவுல இருந்த காமா போய் எப்சிலான் வரும். நமக்கு இந்த மாற்றம் வயித்துல கடைசி மாசங்கள்லயே ஆரம்பிச்சிடுது.

பயலுக்குக் கோளாறு இந்த எப்சிலான்லதான். அந்த மரபணுவுல 1267வது இடத்துல ஒரே ஒரு எழுத்து விட்டுப்போச்சு. அதுக்கப்புறம் படிக்கறதெல்லாம் தப்பு. ஐரோப்பாவுல ரோமா மக்கள்கிட்ட இந்தப் பிழை அதிகம். அவங்க முன்னோர் சுமார் 1000 வருஷம் முன்னாடி இந்தியாவுலேருந்து போனவங்க. இந்தியா, பாகிஸ்தான் குடும்பங்கள்லயும் அதே பிழை கிடைச்சிருக்கு.

எப்சிலான் இல்லாத சுண்டெலி சில மாசத்துல செத்துடுது. மனுஷக் குழந்தை தாக்குப்பிடிக்குது, ஏன்னா பழைய காமா கொஞ்சம் மிச்சமிருக்கு. புது வெர்ஷன் படுத்துட்டா பழசு ஓடற மாதிரி :-)

பைரிடோஸ்டிக்மின் மாத்திரை அசிட்டைல்கோலின் சீக்கிரம் சிதையாம பாத்துக்குது. பய இப்போ கண்ணை அகலமா வச்சுக்கிட்டு கிரிவலம் போறவங்களை வேடிக்கை பார்க்கறான். ஆனா டோக்7 மாதிரி வேற மரபணுவுல பிழைன்னா இதே மாத்திரை நோயை மோசமாக்கும். அதனாலதான் மரபணு சோதனை அவசியம்.

அக்கா கட்டிக்கிட்டது எங்க தாய்மாமாவை. ரெண்டு பேர்கிட்டயும் பிழையான காப்பி ஒண்ணு, நல்ல காப்பி ஒண்ணு. ரெண்டு பிழையும் ஒரே குழந்தைக்கு வர வாய்ப்பு நாலுல ஒண்ணு. வீட்டுல எல்லாரையும் உக்கார வச்சு பேப்பர்ல படம் போட்டுச் சொன்னேன். தாய்ப்பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லைன்னதும் அக்கா அழுதுடுச்சு.

குழந்தைக்கு கழுத்து நிக்க லேட்டானா, இமை தொங்கினா, அழுகைச் சத்தம் மெலிஞ்சிருந்தா "தானா சரியாயிடும்"னு விடாதீங்க. சீக்கிரம் ஒரு நரம்பியல் டாக்டர்கிட்ட காட்டுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்ல. மாத்திரை பேரைப் பார்த்து மெடிக்கல் ஷாப்புக்கு ஓடிடாதீங்க.