‘நோ குரோத்’ ரிப்போர்ட்டும் தீராத வலியும்

திங்கள்

யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டில் ‘நோ குரோத்’ என்று வந்தால் கிருமி வளரவில்லை, தொற்று இல்லை என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் சிறுநீர்ப்பை நிறைய நிறைய வலி, அடிக்கொரு தரம் கழிப்பறை, இரவெல்லாம் விழிப்பு என்று மாதக்கணக்கில் அவதிப்படும் பெண்ணுக்கு அதில் நிம்மதி ஏது? ‘எல்லாம் நார்மல், மனசுதான் காரணம்’ என்று அனுப்பிவைக்கத்தான் அந்தத் தாள் உதவுகிறது.

செவ்வாய்

1915-இல் அமெரிக்க மருத்துவர் கை ஹன்னர், இத்தகைய வலியுள்ள பெண்களின் சிறுநீர்ப்பையில் வரும் ஒருவகைப் புண்ணை விவரித்தார். இன்றும் அது அவர் பெயரால்தான் வழங்குகிறது. வலி உள்ள எல்லோருக்கும் அந்தப் புண் இருப்பதில்லை. கண்ணுக்குப் புண் தெரியாதவர்கள் வலியை நம்பவைக்கவே படாதபாடு பட்டார்கள்.

விக்கி ராட்னரும் தம் வலியை நம்பவைக்கப் போராடியவர். மருத்துவ மாணவியாக இருந்தபோதே இந்தச் சிறுநீர்ப்பை வலி நோய்க்கு ஆளானவர். 1984-இல் இந்நோயாளிகளுக்காகவே அமெரிக்காவில் ஒரு சங்கத்தைத் தொடங்கினார். அந்நாட்டில் 33 முதல் 79 லட்சம் பெண்களுக்கு இந்த அறிகுறிகள் இருக்கலாம் என 2011-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது.

புதன்

ஆரோக்கியமான உடலில் சிறுநீருக்குள் கிருமியே இராது என்பது நெடுநாள் பாடம். வழக்கமான கல்ச்சரும் அதை ஒட்டியே அமைந்தது. ஒரு மைக்ரோலிட்டர் சிறுநீரைத் தட்டில் தடவி, ஒரு நாள் காத்திருப்பார்கள். ஈ.கோலை போல வேகமாகப் பெருகுபவை சிக்கும்; மெதுவாக வளர்பவையும் ஆக்சிஜன் ஆகாதவையும் தப்பிவிடும்.

சிகாகோ லொயோலா பல்கலைக்கழகத்தில் ஆலன் வுல்ஃப், லிண்டா புரூபேக்கர் குழுவினர் 2012-இல் சிறுநீர்ப்பையிலிருந்து நேரடியாக எடுத்த சிறுநீரில் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வைக் கண்டார்கள். உயிருள்ளவையா, செத்தவையா? 2014-இல் விடை வந்தது. நூறு மடங்கு அதிகச் சிறுநீர், பலவகை ஊடகங்கள், 48 மணி நேரம். 65 மாதிரிகளில் 52-இல் பாக்டீரியா வளர்ந்தது. அந்த 52-இல் 48-ஐ வழக்கமான சோதனை ‘நோ குரோத்’ என்றே சொல்லியிருந்தது!

வியாழன்

அவசரப்பட வேண்டாம். அந்த ஆய்வில் தொந்தரவே இல்லாத பெண்களும் இருந்தார்கள். அவர்களிடமும் லாக்டோபேசில்லஸ் போன்றவை குடியிருந்தன. கிருமி இருப்பதும் நோய் இருப்பதும் ஒன்றல்ல.

வலியுள்ளவர்களின் நுண்ணுயிர்க் கூட்டம் வேறுபட்டது என்கின்றன சில ஆய்வுகள். ஆனால் 2019-இல் வந்த ஒப்பீடுகளில் பெரிய வேறுபாடு எதுவும் தெரியவில்லை. 2017-இல் செயின்ட் லூயிஸில் எலிகளிடம் நடந்த ஆய்வு இன்னொரு வழியைக் காட்டியது. கார்ட்னரெல்லா என்ற பாக்டீரியா சிறுநீர்ப்பையில் சிறிது நேரமே தங்கிப் போனாலும், திசுவுக்குள் உறங்கிக் கிடந்த ஈ.கோலையை எழுப்பிவிட்டது. அது மீண்டும் மீண்டும் வரும் தொற்றுக்கான தடயம். மனிதரின் நாள்பட்ட வலிக்கு இன்னும் சான்றாகவில்லை.

வெள்ளி

பாக்டீரியா உண்டு என்றதும் ஆன்டிபயாடிக்கைத் தேடுவது தவறு. இந்த வலிக்கு நீண்டகாலம் ஆன்டிபயாடிக் மாத்திரை தரக் கூடாது என்றே அமெரிக்கச் சிறுநீரியல் சங்கத்தின் வழிகாட்டி சொல்கிறது. இடுப்பு அடித்தளத் தசைகளில் வலி இருப்பவர்களுக்கு அது பரிந்துரைப்பது, அத்தசைகளைத் தளர்த்தும் பிசியோதெரபி. அவற்றை இறுக்கும் கீகல் பயிற்சி இவர்களுக்கு ஆகாது. ஆகவே மருந்துக்கடையில் மாத்திரை கேட்டு வாங்கிப் போடாமல், வலி எப்போது கூடுகிறது, எந்த உணவுக்குப்பின் வருகிறது என்று எழுதி எடுத்துக்கொண்டு சிறுநீரியல் நிபுணரைப் பாருங்கள்.