தரையும் முகடும்

தனிமனிதத் தகவல்களைப் பாதுகாக்க நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வருகிறது என்றால், யார்தான் வேண்டாம் என்பார்கள்? அமெரிக்காவில் 2022 ஜூலையில் அப்படியொரு சட்டமூலம் காங்கிரஸின் குழுவொன்றுக்கு வந்தபோது 53 பேர் ஆதரித்தார்கள். எதிர்த்தவர்கள் இருவர்தான். இருவருமே கலிபோர்னியாவிலிருந்து தெரிவானவர்கள். இதென்ன பிடிவாதம் என்று, அங்கே வாழும் ராத்தாவின் மகனிடம் கேட்டேன்.

"எங்களுக்கிட்ட இருக்கிற சட்டத்த எடுத்துப்போட்டுத்தான் மாமா அதத் தரப் போறாங்க" என்றான்.

விடயம் இதுதான். கலிபோர்னியா 2018இலேயே சொந்தமாக ஒரு சட்டம் செய்துவிட்டது. கம்பனியொன்று நம்மைப் பற்றி எதையெல்லாம் சேர்த்து வைத்திருக்கிறது என்று கேட்கலாம், அழிக்கச் சொல்லலாம், விற்காதே என்று தடுக்கலாம். 2020இல் மக்கள் நேரடியாக வாக்களித்து அதை இன்னும் இறுக்கினார்கள். புதிய சட்டமூலமோ, தான் கைவைக்கும் விடயங்களில் மாநிலச் சட்டங்கள் பெரும்பாலும் செல்லாது என்றது.

மத்தியின் சட்டம் தரையாக இருந்தால் பிரச்சினை இல்லை. அதன்மேல் மாநிலம் தன் சுவரை எழுப்பிக்கொள்ளும். 1996இல் வந்த மருத்துவத் தகவல் சட்டமான 'ஹிப்பா' அத்தகையது. மாநிலத்தின் சட்டம் அதைவிடக் கடுமையானதென்றால் மாநிலத்தினதே நிற்கும். சட்டத்தை முகடாகத் தாழ்வாகப் போட்டுவிட்டால் யாரும் நிமிர முடியாது.

இந்தச் சந்தேகம் சும்மா வந்ததல்ல. 2003 செப்டம்பரில் கலிபோர்னியா, முன் சம்மதமின்றி விளம்பர மின்னஞ்சல் அனுப்பக்கூடாது என்று சட்டமியற்றியது. பெற்றவரே வழக்குப் போடலாம்; மின்னஞ்சல் ஒன்றுக்கு 1,000 டொலர் வரை கேட்கலாம். 2004 ஜனவரி முதலாம் திகதி அது அமுலுக்கு வரவிருந்தது. டிசம்பரில் காங்கிரஸ் தன் சட்டத்தை நிறைவேற்றியது. முதலில் அனுப்பலாம், வேண்டாமென்று சொன்னால் நிறுத்த வேண்டும் என்பதே அதன் சாரம். அதே ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வர, கலிபோர்னியாவின் சட்டம் பிறக்கு முன்பே மௌத்தாகிப் போனது. இதைப் பார்த்தவர்கள் மறப்பார்களா?

இலினோய் மாநிலத்தையும் சொல்ல வேண்டும். முகத்தின் அளவுகளையோ கைரேகையையோ எழுத்துமூலச் சம்மதமின்றிக் கம்பனிகள் எடுக்கக்கூடாது என்று 2008இல் அது சட்டம் செய்தது. பாதிக்கப்பட்டவர் யாருடைய தயவும் இன்றி நீதிமன்றப் படியேறலாம். பேஸ்புக் 65 கோடி டொலர் கொடுத்து 2021இல் வழக்கைத் தீர்த்துக்கொண்டது இந்தச் சட்டத்தால்தான். இணையத்திலிருந்து முகங்களை அள்ளிக் குவித்த கிளியர்வியூ கம்பனி, 2022இல் கண்ட இணக்கத்தின்படி, தன் களஞ்சியத்தை நாடெங்கிலும் பெரும்பாலான தனியார் கம்பனிகளுக்கு விற்க முடியாமல் போனது. ஒரு மாநிலத்தின் சட்டம் எங்கோ இருந்தவனையும் காத்தது. 2022 சட்டமூலம் இந்தச் சட்டத்தைப் பெயர் சொல்லியே விட்டுவைத்தது உண்மைதான். ஆனால் 2008இலேயே மத்தி முகடு போட்டிருந்தால் விட்டுவைக்க எது இருந்திருக்கும்?

நமக்கு இதில் என்ன என்று கேட்பவர்கள் 2020 நவம்பரில் வெளிவந்த செய்தியை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். தொழுகை நேரமும் கிப்லாவும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலியிலிருந்து, பாவனையாளர் நிற்கும் இடம் பற்றிய தகவல்கள் எக்ஸ்-மோட் என்ற தரகுக் கம்பனிக்குப் போயின. அதன் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்தின் ஒப்பந்தக்காரர்களும் இருந்தனர். செய்தி வந்ததும் செயலிக்காரர் அந்த உறவை முறித்தார்கள். சுபஹுக்கு எழும்பியவன் எந்தப் பள்ளிக்குப் போகிறான் என்பதும் சரக்காகலாம் என்று அன்றுதான் பலருக்குப் புரிந்தது.

அந்தத் தரகரை, வணக்கத்தலங்கள் போன்ற இடங்களுக்குப் போய்வருவோரின் விபரத்தை விற்காதே என்று 2024 ஜனவரியில் தடுத்தது மத்தியின் வர்த்தக ஆணைக்குழு. ஆகவே மத்தி என்றாலே கெடுதி என்று நான் சொல்லவில்லை. நியூயோர்க்கில் பள்ளிவாசல்களை வேவு பார்த்ததும் அந்த நகரத்துப் பொலிஸ்தான். 2011இல் அது அம்பலமானது. உள்ளூர்க்காரன் என்பதற்காக அவன் நம் ஆளாகிவிட மாட்டான். 1990இல் வடக்கிலிருந்து விரட்டப்பட்டவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மாகாணத்துக்கென்று எழுதிக் கொடுத்ததை 'தேசியக் கொள்கை' என்ற இரண்டு சொல்லால் கொழும்பு திரும்ப எடுத்துக்கொள்வதையும் நாம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

"அப்ப நீங்க எந்தப் பக்கம்?" என்றான் மருமகன்.

"யார் சட்டம் போட்டாலும் சரி மகன், கம்பனிக்காரன் ஏமாத்தினா நீயே வழக்குப் போட ஏலுமா, அதச் சொல்லு" என்றேன். அந்தச் சட்டமூலத்தில் அந்த உரிமை இருந்தது. ஆனால் நிபந்தனைகளோடும், சில வருடத் தாமதத்தோடும்.

கலிபோர்னியாவுக்கு இருக்கும் பாதுகாப்பை இது உறுதிப்படுத்தவில்லை என்று அப்போதைய சபாநாயகர் நான்சி பெலோசி 2022 செப்டம்பரில் அறிக்கை விட்டார். சட்டமூலம் சபைக்கு வரவேயில்லை. 2024 ஏப்ரலில் வேறு பெயரில் ஒன்று வந்தது; ஜூனில் அதற்கென்று கூடவிருந்த குழுக்கூட்டம் இரத்தானது. இந்த இரண்டுக்கும் இடையில், 2023 ஒக்டோபரில், கலிபோர்னியா இன்னொரு சட்டத்தை இயற்றியது. பதிவுசெய்த தரகர் அத்தனை பேரிடமும் இருக்கும் தன் விபரத்தை ஒரேயொரு விண்ணப்பத்தால் அழிக்கச் சொல்லலாம்.