கண் வைத்த கூரைகள்

ருமேனியாவில், சிபியூவின் கீழ்நகரத்துக்குள் நுழைந்ததுமே சுட்ட கத்தரிக்காய் வாசம் வந்ததே, நினைவிருக்கிறதா? செப்டம்பர் கடைசி. வீட்டுக்கு வீடு முற்றத்தில் அடுப்பு மூட்டி, குடைமிளகாயையும் கத்தரிக்காயையும் தோல் கருகச் சுடுகிறார்கள். உரித்து, அரைத்து, எண்ணெயில் மணிக்கணக்காய்க் கிண்டி சீசாவில் அடைத்தால் ஸகூஸ்கா. பனிக்காலம் முழுக்க ரொட்டிக்கு அதுதான் துணை. அடிப்பிடிக்காமல் கிண்டுவதற்கென்றே ஒரு ஆளை நிறுத்திவிடுவார்கள்.

நாம் தங்கிய வீடு ஒரு சாக்சன் பாட்டியுடையது. வண்டி நுழைகிற அகலத்துக்கு மரக்கதவு, உள்ளே நீள முற்றம், சுவரோரம் திராட்சைக் கொடி. ஊரைக் கட்டியவர்கள் அவருடைய முன்னோர்கள். எல்லையைக் காக்கவென்று 12-ஆம் நூற்றாண்டில் ஹங்கேரி அரசர் இரண்டாம் கேசா அழைத்து வந்த ஜெர்மானியர்கள். ஹெர்மன்ஷ்டட் என்று பேர் வைத்து, மதில் எழுப்பி, தச்சர், குயவர் என்று கைவினைக் குழுவுக்கு ஒன்றாகக் காவல்கோபுரம் கட்டி வாழ்ந்தவர்கள். 1945 ஜனவரியில் பாட்டிக்குப் பதினெட்டு வயது. ஜெர்மன் இனம் என்று சோவியத் நாட்டு நிலக்கரிச் சுரங்கத்துக்குக் கட்டாய வேலைக்கு ரயிலேற்றிவிட்டார்கள். அதைப் பற்றிக் கேட்டால் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்.

அந்தக் கூரைகளை எப்படி மறப்பது! ஓட்டுச் சரிவில் நீளவாக்கில் ஒரு கண், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்த பெரியவர் பாதி திறந்து பார்ப்பதுபோல. பரணுக்குக் காற்றுப் போகத்தான் அது. பாட்டியின் பரணில் வால்நட் காய்ந்துகொண்டிருக்கும். நடந்தால் மேலே கடகடவென்று உருளும்.

படிக்கட்டுச் சந்தில் வளைவுகளுக்கு அடியில் மூச்சு வாங்க ஏறினால் மேல்நகரம். சின்னச் சதுக்கத்தில் 1859-இல் வார்ப்பிரும்பில் செய்த பொய்ப்பாலம். பொய் சொல்பவன் ஏறினால் முனகும் என்பார்கள். நீங்கள் நடுவில் நின்று எதையோ சொல்லிப் பார்த்தீர்கள், அது பேசாமல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பாட்டி கறுப்புக் கோட்டைத் தூசி தட்டிப் போட்டுக்கொள்வார். பாட்டுப் புத்தகம் கையில். தேவாலயத்துக்கு 73 மீட்டர் கோபுரம், உச்சியில் மூலைக்கொன்றாக நான்கு குட்டிக் கோபுரங்கள். மரண தண்டனை விதிக்கும் அதிகாரம் உள்ள ஊர் என்பதற்கு அடையாளம். உள்ளே 1915-இல் வைத்த சாவர் ஆர்கன் முழங்கத் தொடங்கினால் பெஞ்சுப் பலகை வழியாக அதிர்வு முதுகில் ஏறும். இது ரொட்டிக்காரர் குடும்பம் உட்காரும் இடம், இது பக்கத்து வீட்டுக்காரர்கள் இடம் என்று பாட்டி விரலால் காட்டிக்கொண்டே வருகிறார். முன்வரிசை தவிர எங்கும் இடம் இருக்கிறது.

சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்தில் மேற்கு ஜெர்மனி தலைக்கு இவ்வளவு என்று பணம் கட்டி இந்தச் சாக்சன்களை அழைத்துக்கொண்டது. 1990-இல் எல்லை திறந்ததும் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோரும் மூட்டை கட்டினார்கள். பாட்டியின் பிள்ளைகளும் அங்கேதான். ஞாயிறு மாலை தொலைபேசி அடிக்கும்.

இப்போது ஊர் பளிச்சென்று இருக்கிறது. 2007-இல் ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகரம் ஆவதற்காகப் பெரிய சதுக்கத்துக்குப் புதுக்கல் பாவி, சுவர்களுக்கு மஞ்சளும் இளஞ்சிவப்பும் பூசிவிட்டார்கள். எனக்கு அதில் சந்தோஷம்தான். காரை உதிர்ந்து நின்ற வீடுகளை நாம் பார்த்தவர்களல்லவா? சாக்சன் சமூகத்தில் பிறந்த கிளாவுஸ் யோஹானிஸ் மேயராக இருந்த காலம் அது, பின்னால் நாட்டுக்கே அதிபரானார். தேவாலயத்தை ஒட்டிய புரூக்கென்தால் பள்ளியில் இன்றும் ஜெர்மன் மொழியில்தான் பாடம். இடைவேளையில் பிள்ளைகள் கூச்சல் சதுக்கம் முழுக்க. பெரும்பாலும் ருமேனியப் பிள்ளைகள். ஊரில் சாக்சன்கள் நூற்றுக்கு ஒருவர் தேறினால் அதிகம்.

பாட்டி வீட்டு மரக்கதவில் எண்பூட்டுப் பெட்டி தொங்குகிறது. எண்ணை அழுத்தினால் சாவி விழும், யாரையும் பார்க்க வேண்டியதில்லை. திராட்சைக் கொடி இருந்த இடத்தில் மேசையும் குடையும். காபிக் கடையில் ஹான்க்லிஷ் கிடைக்கிறது, சர்க்கரை கொஞ்சம் அதிகம். அதற்குப் பாட்டி ரொட்டிமாவைத் தட்டி, வெண்ணெயும் முட்டையும் அடித்து மேலே ஊற்றி, விளிம்பு சிவக்கும்வரை அடுப்பு முன்னாலேயே நிற்பார். நீங்கள் இரண்டாவது துண்டு கேட்டீர்கள். மூன்றாவதையும் சேர்த்துத் தட்டில் வைத்துவிட்டு, சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருந்தார்.